காருக்கு அடியில் படுக்கும் முன்

உங்கள் கேள்வி இது: வீட்டில் ஒரு பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே மாற்ற ஆசை. காரோடு வந்த கத்தரி ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக் முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் போகலாமா? உங்கள் மாமா இருபது வருஷமாக அப்படித்தான் செய்கிறார், இதுவரை எதுவும் ஆனதில்லை.

வேண்டாம். ஹாலோ பிளாக், செங்கல், சிமெண்ட் ஸ்லாப் எதை வைத்தும் அதை நம்பி அடியில் போக வேண்டாம். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் கையைக்கூட விட வேண்டாம். இந்த இரண்டு வரியே உங்களுக்குப் பதில். ஆனால் காரணம் புரியாமல் விதியை மட்டும் தெரிந்துகொண்டவர்கள், அவசரம் வந்ததும் முதலில் விடுவது அந்த விதியைத்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் கோவையில் ஒரு பட்டறையில் வேலை பழகினேன். அப்போது வருகிறவற்றில் பாதி அம்பாசிடர்தான். ஒருநாள் கியர்பாக்ஸ் இறக்க வேண்டிய வண்டி ஒன்று. முன்பக்கத்தை பாட்டில் ஜாக்கியில் தூக்கியிருந்தோம். ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கியரில் போட்டிருந்ததால் வண்டி அசையாமல் நின்றது, எனக்கும் அது போதுமென்றே தோன்றியது. அடியில் படுத்துக்கொண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நான்காவது போல்ட் கையில் வந்த நொடியில் வண்டி பின்னால் நகர்ந்தது. கியர் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ஷாஃப்ட் வழியாகத்தான். அதை நானே கழற்றிவிட்டேன். வண்டி அரை அடி நகர, ஜாக்கி சாய்ந்தது. முன்பக்கம் மொத்தமாக இறங்கியது.

நான் இன்று இதை எழுதுவதற்குக் காரணம், வேலை தொடங்கும் முன்பே மேஸ்திரி இரண்டு பக்கமும் பழைய சக்கரங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டு அடியில் தள்ளியிருந்ததுதான். வண்டி அவற்றின் மேல் உட்கார்ந்தது. என் முகத்துக்கும் தரைத் தகட்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தது. காலைப் பிடித்து என்னை இழுத்து வெளியே போட்டார்கள். மேஸ்திரி திட்டவில்லை. அதற்கப்புறம் நான் எந்த வண்டிக்கு அடியில் போகப் போனாலும் ஒரே கேள்வி கேட்பார்: “இது போனா அடுத்தது எதுடா?” கையைக் காட்டி பதில் சொன்னால்தான் உள்ளே விடுவார்.

கீழே நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான். எது உறுதியானது என்று தேடாதீர்கள். எதுவும் ஒருநாள் போகும். அது போகிற அன்று உங்கள் நெஞ்சுக்கும் காருக்கும் நடுவில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் ஜாக்கி. தூக்குவது ஒரு வேலை, தாங்குவது வேறு வேலை. ஜாக்கியைச் செய்திருப்பது முதல் வேலைக்கு மட்டும். உங்கள் கத்தரி ஜாக்கி திருகில் ஏறுவது. தானாக இறங்காது, அதனால் அதன் மேல் பலருக்கு ஒரு நம்பிக்கை. அதன் ஆபத்து இறங்குவதில் இல்லை, சாய்வதில் இருக்கிறது. அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான். ஏற ஏற ஒல்லியாகி உயரமாக நிற்கும். பக்கவாட்டில் ஒரு இழுப்பு விழுந்தால் மடங்கிவிடும். ஸ்பேனரைப் பிடித்து இறுகிய நட்டை நீங்கள் இழுப்பதே அந்தப் பக்கவாட்டு இழுப்பு. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டுகிற பத்து நிமிடத்துக்காக மட்டுமே கம்பெனி அதைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்திலும் நீங்கள் காருக்கு வெளியே உட்கார்ந்திருப்பீர்கள் என்ற கணக்கில்தான் கொடுத்திருக்கிறது.

பாட்டில் மாதிரி நேராக நிற்கும் பாட்டில் ஜாக்கியும், சக்கரங்களில் உருளும் நீளமான டிராலி ஜாக்கியும் எண்ணெய் அழுத்தத்தில் நிற்பவை. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் எண்ணெயைத் தடுத்து வைத்திருக்கும் வரைக்கும்தான் கார் மேலே நிற்கும். டிக்கியில் வருஷக்கணக்காக வெயிலில் வெந்த ரப்பர் இறுகி வெடிக்கும். வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அழுத்தம் கசியும். சில நேரம் மெல்ல இறங்கும், சில நேரம் ஒரே அடியாக இறங்கும். உங்களிடம் இருக்கும் ஜாக்கியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. காரை அதில் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, தரையிலிருந்து உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஒரு நூல் இறங்கியிருந்தாலும் அந்த ஜாக்கி பழுது பார்க்க வேண்டியது. இறங்காவிட்டால் அது தூக்கத் தகுதியானது, அவ்வளவுதான். அடியில் படுக்க அது அனுமதி இல்லை.

டிராலி ஜாக்கியில் பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன் கை நேராக மேலே ஏறுவதில்லை, வளைவாக ஏறுகிறது. அதாவது கை நுனியில் காரைத் தொடும் கிண்ணம் உயரும்போதே சில அங்குலம் ஜாக்கியின் பின்பக்கமாக நகரவும் செய்கிறது. சிமெண்ட் தரையில் ஜாக்கியின் சக்கரங்கள் உருண்டு அந்த நகர்வை ஈடுகட்டிவிடும். பேவர் கல்லின் இடுக்கிலோ மண்ணிலோ சக்கரம் சிக்கிக்கொண்டால் ஜாக்கி நகராது, காரைத்தான் இழுக்கும், அல்லது கிண்ணம் பிடியிலிருந்து வழுக்கும். தூக்கும்போது ஜாக்கி சின்னதாக உருள்கிறதா என்று கண்ணால் பாருங்கள். உருளவில்லை என்றால் நிறுத்திவிட்டு இறக்குங்கள்.

இனி ஹாலோ பிளாக். சுவர் கட்டும்போது அதே கல் மாடியையே தாங்குகிறதே என்று கேட்பீர்கள். சுவரில் சாந்து பூசி, மேல்பரப்பு முழுக்கப் பாரம் சமமாக இறங்குகிறது. காரின் அடியில் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு மடிப்பு சில மில்லிமீட்டர் அகலம்தான். முன்பக்கம் ஒரு பக்கத்துக்கு இருநூற்றெழுபது கிலோ என்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் அந்தக் கத்தி போன்ற விளிம்பு வழியாகக் கல்லின் ஒரு கோட்டில் இறங்கும். உளி வைத்து அடிப்பது போலத்தான். காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், பிளக்கும் விசையைத் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தால் போதும். இரும்பு வளையும், மரம் முதலில் முனகும், நசுங்கும், அப்புறம்தான் முறியும். அந்த முனகலில் வெளியே வர ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். கல் எந்தச் சத்தமும் கொடுக்காமல் இரண்டாகப் போகும். உங்கள் மாமாவுக்கு இருபது வருஷம் எதுவும் ஆகவில்லை என்பதன் பொருள், விரிசல் இல்லாத கல் இருபது வருஷமாக அவர் கைக்கு வந்தது என்பதுதான். அடுத்த கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இப்போது மிகப் பலர் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன்: கார் விழுவது பல நேரம் முதலில் உருண்டபின்தான். என் அம்பாசிடர் கதையும் அதுவே. அதனால் தூக்குவதற்கு முன்னால் உருளாமல் செய்ய வேண்டும்.

ஹேண்ட் பிரேக் அநேகமாக எல்லாக் கார்களிலும் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். ஸ்விஃப்ட் முன்சக்கரம் இழுக்கும் கார், எனவே கியரில் போட்டால் பிடிபடுவது முன்சக்கரம். இப்போது யோசித்துப் பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரங்கள் காற்றில். கியர் பிடிப்பது காற்றில் தொங்கும் சக்கரத்தை. தரையில் காரை நிறுத்தி வைத்திருப்பது ஹேண்ட் பிரேக் கேபிள் மட்டும். பின்பக்கத்தைத் தூக்கினால் தலைகீழ்: ஹேண்ட் பிரேக் முழுக்கப் பயனற்றுப் போகும், கியர் மட்டும் மிச்சம்.

இன்னும் ஒன்று. முன்னால் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால், தரையில் இருக்கும் மற்ற முன்சக்கரத்தையாவது கியர் பிடிக்கும் என்று நினைப்போம். பிடிக்காது. நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற வழிசெய்வதே அதன் வேலை. ஒன்று காற்றில் இருந்தால், அது ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது எதிர்ப்பக்கம் தாராளமாக உருளும். ஆட்டோமேட்டிக் காரில் ‘பி’யில் போட்டாலும் இதே கதிதான். பொலிரோ, ஈக்கோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கும்போது கியர் இப்படியே கைவிடும்.

அதனால்தான் கட்டை. லாரி கிளீனர்களிடம் போய்க் கேளுங்கள், மேட்டில் வண்டி நின்றால் முதலில் குதித்து இறங்கி கட்டை போடுவதுதான் அவர்கள் பழகும் முதல் வேலை. தேரோட்டத்தில் பார்த்திருப்பீர்கள், அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில் இருக்கிறது. நாம் ‘தடை’ என்ற பொருளில் தினமும் சொல்லும் முட்டுக்கட்டை அதுதான். தரையில் இருக்கப்போகும் இரண்டு சக்கரங்களுக்கும், முன்னும் பின்னும், மொத்தம் நான்கு கட்டை போடுங்கள். ஆப்பு வடிவில் அறுத்த மரமோ, கடையில் விற்கும் ரப்பர் கட்டையோ சரி. டயரில் ஒட்டி இறுக்கமாக உட்கார வேண்டும், இடைவெளி இருந்தால் அந்த இடைவெளிக்குள் கார் ஓடி வேகம் பிடிக்கும். உருண்டைக் கல் வேண்டாம், அது சேர்ந்தே உருளும். ஹேண்ட் பிரேக்கையும் போடுங்கள், கியரிலும் போடுங்கள். ஒன்று போனால் அடுத்தது இருக்கட்டும்.

தரை சமமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு சமம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது அடிக்கு ஓர் அடி இறக்கம் என்பது கண்ணுக்கே சரியாகத் தெரியாத சரிவு. தொள்ளாயிரம் கிலோ காரை அது நாற்பத்தைந்து கிலோ விசையில் கீழே இழுக்கிறது. ஒரு ஆள் விடாமல் பின்னால் நின்று தள்ளுவதற்குச் சமம். அடுக்ககப் பார்க்கிங்கில் மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று சரிவு வைத்தே கட்டியிருப்பார்கள். ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். விடுவிடுவென்று ஒரே பக்கமாக ஓடினால் அந்த இடம் வேண்டாம்.

பேவர் கல் தரைக்கு அடியில் மணல்தான் இருக்கிறது. தார்ச் சாலை சித்திரை வெயிலில் இளகும், காரைத் தாங்க வைக்கும் ஸ்டாண்டின் (அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) கால் உள்ளே இறங்கும். இந்த இரண்டிலும் முக்கால் அங்குல பிளைவுட்டை ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் போடுங்கள். போர்டிகோவில் வழவழப்பான டைல்ஸ் போட்டிருந்தால் அங்கே இந்த வேலையே வேண்டாம். டைல்ஸ் உடையும், அதைவிட முக்கியம், ஸ்டாண்டு வழுக்கும்.

சரி, தாங்குவதற்கு என்ன? ஜாக்கி ஸ்டாண்டு. மூன்று அல்லது நான்கு கால் விரித்து நிற்கும் இரும்பு முக்காலி மாதிரி, நடுவில் ஏறி இறங்கும் தண்டு. சர்வீஸ் சென்டரில் ஒருமுறை கொடுக்கும் பணத்துக்குள் ஒரு ஜோடி வாங்கிவிடலாம். அதில் எண்ணெய் இல்லை, வால்வு இல்லை, கசிய எதுவும் இல்லை. இரண்டு வகை உண்டு. ஒன்றில் தண்டில் ரம்பம் போல் பற்கள், ஒரு கொக்கி அதைக் கவ்வும். மற்றதில் தண்டில் துளைகள், குறுக்கே தடித்த ஊசி செருக வேண்டும். முதல் வகை சுலபம். என்னைக் கேட்டால் வீட்டில் எப்போதாவது செய்கிறவருக்கு ஊசி வகையே நல்லது. ஊசி போட்டிருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை, பார்த்தாலே தெரியும்.

பல் வகையில் என்ன நடக்கலாம் என்பதற்கு 2020-இல் அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. ஹார்பர் ஃப்ரைட் என்ற பெரிய கருவிக் கடைத் தொடர் தன் பிட்ஸ்பர்க் பிராண்ட் ஸ்டாண்டுகளைப் பத்து லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. தயாரிப்பு அச்சுகள் தேய்ந்துபோனதால் சில ஸ்டாண்டுகளில் கொக்கி பல்லை முழுதாகக் கவ்வவில்லை, பாரம் சற்று அசைந்தால் தண்டு சரிந்து இறங்கக்கூடும் என்பது காரணம். அதற்கு மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு மாடலை, வெல்டிங் சரியில்லை என்று அதே ஆண்டில் மறுபடி திரும்பப் பெற்றார்கள். ஸ்டாண்டு வாங்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாங்கிய ஸ்டாண்டைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வெல்டையும் பார்த்து, தண்டை ஏற்றி, பல் முழு ஆழத்துக்குக் கவ்வுகிறதா என்று பாருங்கள். கூடவே பாதுகாப்பு ஊசியும் உள்ள பல் ஸ்டாண்டு கிடைத்தால் அதை வாங்குங்கள். மேலே எழுதியிருக்கும் டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கா என்றும் படித்துப் பாருங்கள், இரண்டு விதமாகவும் போடுகிறார்கள். உங்கள் காருக்கு மூன்று டன் ஜோடி தாராளம்.

எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த தலைவலி. காரின் கையேட்டில் ஜாக்கி வைக்கும் இடம் படத்தோடு இருக்கும். ஸ்விஃப்ட் மாதிரிக் கார்களில் அது கதவுக்கு அடியில் உள்ள தகட்டு மடிப்பில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவில். அந்த இடத்தில் உள்ளே தகடு கூடுதலாக வலுவூட்டப்பட்டிருக்கும். ஒரு சாண் தள்ளி வைத்தால் தரைத்தகடு குழிந்து உள்ளே போகும். ஆயில் சேம்பர், கியர்பாக்ஸ், பெட்ரோல் டேங்க், சைலன்சர் குழாய், ஸ்டியரிங் ராடு இவற்றில் எதையும் முட்டுக் கொடுக்கத் தொடக்கூடாது. ஸ்கார்பியோ, பொலிரோ போலத் தனிச் சேஸிஸ் உள்ள வண்டிகளில் பாடு குறைவு, அந்தக் கனத்த சட்டத்திலேயே வைத்துவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், ஜாக்கிக்கும் அந்த இடம்தான் வேண்டும், ஸ்டாண்டுக்கும் அதே இடம்தான் வேண்டும். கத்தரி ஜாக்கியால் தூக்கும்போது ஸ்டாண்டை எங்கே வைப்பது? இந்த முட்டுச்சந்தில்தான் பலர் “சரி, ஜாக்கியிலேயே இருக்கட்டும்” என்று முடிவெடுக்கிறார்கள். அதற்கு வழி டிராலி ஜாக்கி. முன்பக்கம் நடுவில் எஞ்சினுக்குக் கீழே குறுக்காக ஓடும் கனத்த கிராஸ் மெம்பரில் வைத்துத் தூக்கினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக எழும்பும், இரண்டு பக்க மடிப்பும் ஸ்டாண்டுக்குக் காலியாக இருக்கும். உங்கள் மாடலில் அந்த இடத்தில் தூக்கலாமா என்பதைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ஒருமுறை காரைக் காட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் சேம்பரும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. பின்பக்கமும் இதேபோல், இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் பீமில் தூக்கலாம் என்று நினைக்க வேண்டாம், சில கம்பெனிகள் அதைக் கூடாது என்றே எழுதியிருக்கின்றன.

ஸ்டாண்டின் தலை பெரும்பாலும் பிறை மாதிரி வளைந்திருக்கும். அது சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் ஏற்றது. தகட்டு மடிப்பை நேராக அதில் வைத்தால் மடிப்பு நசுங்கிச் சாயும். நடுவில் பள்ளம் வெட்டிய கனத்த ரப்பர் வில்லைகள் விற்கிறார்கள், மடிப்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும், ரப்பர் பிடிக்கும்.

இரண்டு ஸ்டாண்டும் ஒரே பல்லில், ஒரே உயரத்தில் இருக்கட்டும். வேலைக்கு எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவே தூக்குங்கள். ஸ்டாண்டை வைத்தபின் ஜாக்கியின் வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து மெல்ல இறக்குங்கள். பாரம் முழுக்க ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். எல்லாக் கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா, தலை நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். பிறகு ஜாக்கியைத் தொடும் அளவுக்கு மட்டும் மறுபடி ஏற்றி அங்கேயே விட்டுவிடுங்கள். பாரம் அதன் மேல் இல்லை, ஸ்டாண்டு போனால் பிடிக்க அது நிற்கிறது.

அதற்கடுத்த காவல், என்னைக் காப்பாற்றிய சக்கரங்கள். இதில் ஒரு அளவைக் கவனிக்க வேண்டும். ஸ்டெப்னி ஒன்றைப் படுக்கப் போட்டால் உயரம் பதினாறு, பதினேழு சென்டிமீட்டர். உங்கள் கார் சாதாரணமாகத் தரையில் நிற்கும்போது அடியில் இருக்கும் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த இடைவெளிக்குள் உங்களால் நுழைய முடியாது, அதனால்தானே தூக்குகிறோம். வளர்ந்த ஆளின் நெஞ்சுக் கனம் இருபது சென்டிமீட்டருக்கு மேல். ஆக ஒரே ஒரு ஸ்டெப்னி, எதுவும் இல்லாததைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் நெஞ்சை முழுக்கக் காக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, அல்லது சக்கரத்தின் மேல் கனத்த மரக்கட்டை. நான்கு அங்குலச் சதுர மரத்துண்டுகளை இரண்டு நெடுக்காக, அதன் மேல் இரண்டு குறுக்காக, அதன் மேல் மறுபடி இரண்டு நெடுக்காக அடுக்கினாலும் சரி. அடுக்கின் உயரம் அதன் அகலத்தைத் தாண்ட வேண்டாம். காரின் மடிப்புக்கும் இந்த அடுக்குக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். தூரம் கூடினால் விழும் வேகமும் கூடும்.

இனி உலுக்கல். அடியில் போகும் முன், வெளியே நின்று, பானெட் பக்கத்திலும் பக்கவாட்டிலும் இரண்டு கையையும் ஊன்றி நன்றாகத் தள்ளி இழுத்து உலுக்குங்கள். பயந்து பயந்து தொடுவது உலுக்கல் இல்லை. விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும் என்று உலுக்குங்கள். ஸ்டாண்டு ஒரு இம்மி நகர்ந்தாலும் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சாப்பிடப் போய்விட்டு வந்தாலும் மறுபடி உலுக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இறுகிய நட்டுகளை முடிந்தவரை கார் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். வீல் நட்டு எல்லாம் அப்படித்தான். அடியில் படுத்துக்கொண்டு முழு உடல் பலத்தையும் போட்டு இழுக்க வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு நீளமான கைப்பிடி தேடுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், காரில் இருக்க வேண்டாம். வண்டியில் யாரும் உட்காரக் கூடாது, கதவை அறைந்து சாத்தக் கூடாது. உங்கள் பார்க்கிங்கில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள் என்றால் இதை இன்னும் கவனியுங்கள். பந்து காருக்கு அடியில் உருண்டுபோனால் பிள்ளை யோசிக்காமல் பின்னாலேயே நுழையும். அவர்கள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பாருங்கள்.

யாரும் இல்லாத நேரமாகவும் வேண்டாம். நெஞ்சின் மேல் பாரம் விழுந்தால் மூச்சை உள்ளே இழுக்க முடியாது, இழுக்க முடியாதவரால் கத்தவும் முடியாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து ஐந்து நிமிடத்துக்கொரு முறை குரல் கொடுக்கட்டும். விபத்து என்று வந்தால் 108-க்கு அழைத்துக்கொண்டே ஜாக்கியால் தூக்க வேண்டும், தூக்கத் தூக்கக் கட்டையை அடுக்கி நிரப்ப வேண்டும், பாரம் விலகும் முன் ஆளை இழுக்கக் கூடாது. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஜாக்கி எங்கே, அதன் கைப்பிடி எங்கே என்றும் காட்டிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்று சொல்கிறேன். ஆயில் மாற்ற மட்டும்தான் என்றால் நான் உங்களை ஸ்டாண்டு வாங்கச் சொல்லமாட்டேன், சாய்தளம் வாங்கச் சொல்வேன். இரண்டு முன்சக்கரங்களையும் ஓட்டி ஏற்றி நிறுத்தும் இரும்புச் சாய்தள ஜோடி. கார் தன் சொந்தச் சக்கரத்திலேயே நிற்கிறது, ஜாக்கியும் இல்லை, வைக்கும் இடம் தேடும் தொல்லையும் இல்லை. ஏறும்போது சாய்தளம் முன்னால் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் பாய் விரியுங்கள். ஒருவர் காருக்குப் பக்கவாட்டில், வழியில் இல்லாமல், நின்று வழிகாட்டட்டும். பம்பர் இடித்தால் சாய்தளத்துக்கு முன்னால் ஒரு கனத்த பலகை போட்டு ஏற்றத்தைக் குறைக்கலாம். ஏறியதும் ஹேண்ட் பிரேக், கியர், பின்சக்கரங்களுக்கு நான்கு கட்டை. எஞ்சின் சூடு கொஞ்சம் தணிந்தபின் ஆயிலை வடியுங்கள். பிரேக், சஸ்பென்ஷன் என்று சக்கரம் கழற்றும் வேலைக்குப் போகிற அன்று ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளலாம். நான்கு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்தும் வேலையை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கும்போது முன்னால் வைத்த ஸ்டாண்டு சாயத் தொடங்கும். அது லிஃப்ட் உள்ள பட்டறைக்கான வேலை.

மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். வாதம் செய்ய வேண்டாம். அடுத்த முறை அவர் கல் அடுக்கும்போது நீங்கள் இரண்டு சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் படுக்கப் போடுங்கள். “இருக்கட்டும் மாமா, எனக்காக” என்று மட்டும் சொல்லுங்கள். அனுபவம் உள்ள மனிதர், புரிந்துகொள்வார். பின்சக்கரத்துக்குக் கட்டையும் நீங்களே போட்டுவிடுங்கள்.

வேலை முடிந்து இறக்கும்போதும் அவசரம் வேண்டாம். கருவிகளை எண்ணி வெளியே எடுத்து, அடியில் துணிகூட இல்லை என்று பார்த்து, அடுக்கிய சக்கரங்களை முதலில் இழுத்துவிடுங்கள். கையை உள்ளே நீட்டாமல் காலாலோ கம்பாலோ இழுங்கள். ஜாக்கியால் ஸ்டாண்டிலிருந்து ஒரு அங்குலம் தூக்கி, ஸ்டாண்டுகளைப் பக்கவாட்டில் உருவி, மெல்ல இறக்குங்கள். சக்கரம் கழற்றியிருந்தால், கார் தரையில் இறங்கியபின் வீல் நட்டுகளை இன்னொரு முறை முறுக்குங்கள். நான்கு சக்கரமும் தரையில் உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டைகளை எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுங்கள்.